மெத்தை கம்பெனியும் வாழைக்கன்னு கட்டின வண்டியும்

எல்லாரும் வெளிய ஓடி வர்ற எடத்துக்குள்ள போறதுதான் எங்க தொழில். அதுக்கு முன்னாடி வழியில நிக்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்றது சம்பளத்துல சேராத வேலை. பஸ் கண்டக்டர், லைன்மேன், ஆஸ்பத்திரி நர்ஸுன்னு ஜனங்களோட மாரடிக்கிறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, நான் சொல்றதுல பொய் கலப்பில்லன்னு எனக்காக சத்தியமே பண்ணுவீங்க. நான் வில்லியனூர் பக்கத்துல ஒரு ஸ்டேஷன்ல ஃபயர்மேன். கீழ வர்றதெல்லாம் ஒரே நாள்ல, ஒரு ஆயுத பூஜை அன்னிக்கு நடந்தது.

கையில பூசணிக்காய்

காலையில பதினொரு மணி. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, முன்னாடி ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டி, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. எங்க ஸ்டேஷன் ஆபீசர் திருஷ்டி சுத்தி உடைக்க பூசணிக்காயைத் தலைக்கு மேல தூக்கினார். அந்த நேரம் பார்த்து போன். கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு மெத்தை கம்பெனி பத்திக்கிட்டு எரியுதுன்னு எதிர்ல டீக்கடை வெச்சிருக்கறவர் கத்தறார். உடைக்கறதா, கீழ வைக்கறதான்னு தெரியாம ஆபீசர் பூசணிக்காயோடயே வண்டியில ஏறிட்டார். எலுமிச்சம்பழம் மட்டும் முறைப்படி நசுங்குச்சு.

சைரன் ஒரு பக்கம் அலறுது, வாழைக்கன்னு ஒரு பக்கம் ஆடுது, ஆபீசர் மடியில குங்குமம் தடவின பூசணிக்காய். பாக்கறவங்களுக்கு சாமி ஊர்வலம் மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு திருப்பத்துல ஒரு அம்மா தாம்பாளத்தோட நடு ரோட்டுக்கே வந்துட்டாங்க. கம்பெனி எரியுதும்மா, வழி விடுங்கன்னு டிரைவர் கெஞ்சினார். அந்தம்மா நிதானமா தீப்பெட்டியை எடுத்தாங்க.

"இருப்பா, இம்மாம் பெரிய வண்டிக்கு ஒரு கற்பூரம் காட்டாம வுட்டா குத்தமாயிடும்."

செருப்பு

போய்ப் பார்த்தா புகை பனைமர உசரத்துக்கு மேல நிக்குது. உள்ள பூரா பஞ்சு, ஃபோம், பசை டின். டின் ஒவ்வொண்ணா வெடிக்குது. டவுன்லேர்ந்தும் பாகூர் பக்கத்துலேர்ந்தும் வண்டி கேட்டுட்டு, கரண்ட் ஆபீசுக்குச் சொல்லி அந்தப் பக்கத்து லைனையே நிறுத்தச் சொன்னோம். கம்பெனியில காலையிலயே பூஜை முடிச்சு, ஆளுக்கொரு பொட்டலம் பொரி குடுத்து எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். உள்ள இருந்தது ஒரே ஆள், வாட்ச்மேன் கோவிந்தன்.

அவர் சம்சாரம் அஞ்சலை வயல்லேர்ந்து அப்படியே ஓடி வந்திருந்தாங்க. புருஷன் செல்லுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் மணி அடிச்சுது, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. பொரி வாங்கிக்கிட்டு எங்கயாவது போயிருப்பாரும்மான்னு சொல்லிப் பார்த்தேன். அவங்க வாசப்படியைக் காட்டினாங்க. பூஜை போட்ட எடம்னு கழட்டி வெச்ச செருப்பு ஜோடியாக் கிடக்குது.

"செருப்பில்லாம அந்தாளு கொல்லப்பக்கம் கூட போவாது சார். உள்ளதான் இருக்குது."

இன்ஜினுக்கு லீவு

எங்க வண்டித் தண்ணி எத்தனை நிமிஷத்துக்கு வரும்? காலியாயிடுச்சு. பக்கத்துலயே கரும்பு, நடுவுல போர் மோட்டார். நெலத்துக்காரர் ஏழுமலை வரப்புல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தார். மோட்டாரைப் போடுங்கண்ணேன்னு ஓடினேன். "கரண்ட்ட நிறுத்தச் சொன்னதே நீங்கதான், இப்ப மோட்டாரப் போடுன்னா எப்பிடி சார்?" ஞாயமான கேள்வி.

கொட்டகையில ஒரு ஆயில் இன்ஜின் இருந்துச்சு. ஆனா அதுக்கும் மாலை போட்டு, சந்தனம் வெச்சு, முன்னாடி இலையில சுண்டல். "பூஜையில வெச்சத நாளைக்குத்தான் சார் தொடணும்"னார். எங்க பக்கம் அப்படித்தான், அன்னிக்கு கத்தரிக்கோலைக் கூட தொட விடமாட்டாங்க. உள்ள ஒரு உசுரு இருக்குதுண்ணே, எங்க வண்டியும் பூஜையில வெச்சதுதான், பாருங்கன்னு வாழைக்கன்னைக் காட்டினேன். அனல்ல அது பாதி வதங்கிப் போயிருந்துச்சு. அவர் மனசு இறங்கிட்டார். திருஷ்டி கழிச்சிட்டு எடுத்தா தோஷமில்ல, ஆனா பூசணிக்காய்க்கு எங்க போறதுன்னு கவலைப்பட்டார். நான் வண்டிக்கு ஓடினேன். ஆபீசர் பூசணிக்காயோட வந்து, இன்ஜின் முன்னாடி ஓங்கி ஒரு போடு போட்டார். இன்ஜின் முதல் சுத்துலயே கெளம்பி, தண்ணி எங்க டேங்குல கொட்டுச்சு.

ஏழுமலை கையைத் தொடைச்சுக்கிட்டே சொன்னார்: "அத மொதல்லயே கொண்டாந்திருந்தா இம்மாம் பேச்சே தேவயில்லயே சார்."

மீசை

காத்து சிலிண்டரை முதுகுல மாட்டிக்கிட்டு நானும் இன்னொருத்தரும் பின்பக்கமா உள்ள போனோம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தவழ்ந்துதான் போகணும். கோவிந்தா, கோவிந்தான்னு கத்தறேன்; முகமூடிக்குள்ள அது எனக்கே கேக்கல. கையில ஒரு கால் தட்டுப்பட்டுச்சு. பேன்ட், சட்டை, நல்ல கனம். உடம்பு அசையல. பயந்து போய், அக்குள்ல கை குடுத்து இழுத்துக்கிட்டு வெளிய வந்தோம்.

கூட்டத்துல ரெண்டு பேர் அதுக்குள்ள ஒப்பாரியை ஆரம்பிச்சிட்டாங்க. ஆபீசர் தலையிலேர்ந்து ஹெல்மெட்டைக் கழட்டிட்டார். நான் முகமூடியைக் கழட்டிப் பாத்தா, வைக்கோல். பின்னாடி புதுசாக் கட்டற ஷெட்டுல தொங்கவிட்டிருந்த திருஷ்டி பொம்மை அது. கயிறு அறுந்து விழுந்து, நாங்க அடிச்ச தண்ணியை எல்லாம் குடிச்சு ஆள் கனத்துக்கு ஊறியிருந்துச்சு. அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, குனிஞ்சு ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"இது எங்க வூட்டு ஆளு இல்ல சார். அதுக்கு மீசை இம்மாம் அழகா இருக்காது."

முதலாளி சொன்ன வேலை

மூணு மணிக்கு நெருப்பு கட்டுக்குள்ள வந்துச்சு. உள்ள மூலை முடுக்கெல்லாம் தேடியாச்சு, ஆள் இல்ல. அஞ்சலை அந்தச் செருப்பை மடியில வெச்சுக்கிட்டு வேலியோரமா உக்காந்திருந்தாங்க, அழக்கூட இல்ல. அவங்க முகத்தைப் பாக்க எனக்கு தைரியம் வரல. அப்பதான் ஸ்டேஷன்ல போன் பாத்துக்கற எங்க ஆள் வயர்லெஸ்ல வந்தார். "இங்க ஒருத்தர் பதினொன்றரையிலேர்ந்து உக்காந்திருக்கார் சார். தீப்பிடிச்சதை வந்து சொன்னேன்னு எழுதிக் குடு, இல்லன்னா மொதலாளி நம்ப மாட்டார்ங்கறார். பேரு கோவிந்தனாம்."

நடந்தது இதுதான். செல்லு உள்ள சார்ஜ்ல மாட்டிக்கிச்சு. மனுஷன் வெறுங்காலோட சைக்கிளை எடுத்து, வயக்காட்டுக் குறுக்கு வழியா எங்க ஸ்டேஷனுக்கே தகவல் சொல்லப் போயிட்டார். அதுக்குள்ள நாங்க ரோடு வழியா இங்க வந்துட்டோம். எங்க ஆளும் பொரியைக் குடுத்து, வண்டி வரட்டும்னு உக்கார வெச்சிட்டார். நாங்களும் தண்ணிக்கும் வண்டிக்கும் வயர்லெஸ்ல கத்தினோமே தவிர, ஆளைக் காணோம்னு ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லல. தப்பு எங்க மேலதான்.

கோவிந்தனை பைக்ல கொண்டாந்து எறக்கினாங்க. அஞ்சலை அந்தச் செருப்பாலயே முதுகுல ரெண்டு வெச்சாங்க. அப்புறம் அதை அவர் காலுக்குக் கீழ போட்டு, போட்டுக்கய்யான்னு சொல்லிட்டு, அதுவரைக்கும் அடக்கி வெச்சதையெல்லாம் அழுதாங்க. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, புகைன்னு சொல்லிட்டேன். அங்க வந்து சேர்ந்த முதலாளி, "உங்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனேன் நான்?"னு சீறினார். கோவிந்தன் ஒரு கையில பொரிப் பொட்டலத்தோட பணிவா நிமிர்ந்தார்.

"சாமி வெளக்கு அணையாம பாத்துக்கன்னீங்க. நான் கெளம்பற வரைக்கும் அணையலீங்களே."

ஆக, அன்னிக்கு நாலஞ்சு வண்டி, ஒரு ஆயில் இன்ஜின், ஒரு பூசணிக்காய் எல்லாம் சேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போராடி அணைச்சது, ஒரு மனுஷன் முதலாளி பேச்சைத் தட்டாம காப்பாத்தி வெச்ச ஒத்தை அகல்விளக்கைத்தான்.