பிஸ்கட் டின்னிலிருந்து வந்த ரேம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் ஒன்னுமே பண்ணல." மலேசியாவின் குளுவாங்கில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அதில் பாதி நீலத்திரையைப் பார்த்தே கழிந்திருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிடும். மெமரியில் ஏதோ கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து எழும். காரணத்தை மட்டும் சொல்லாது. இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொட்டு வைத்த மெஷின்

பக்கத்திலிருக்கும் பாலோவில் லாரி ஓட்டும் தொழில் வைத்திருக்கும் மாணிக்கம், தன் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை நீலத்திரை. மூடியைத் திறந்தால் சந்தன வாசனை. ஆயுத பூஜைக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் போதாது என்று, உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் வைத்திருக்கிறார். விரல் நீளப் பச்சைப் பட்டையாக இருக்குமே ரேம், அதன் ஸ்டிக்கர் மேலும் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. அந்த ரேமை மாற்றியதும் கோளாறு நின்றது. உள்ளே எதற்கு இத்தனை பொட்டு என்று கேட்டேன்.

"லாரிக்கு எஞ்சின்ல வைக்கிறேன். இதுக்கு எஞ்சின் எதுன்னு தெரியல லா, அதான் எல்லாத்துக்கும் வச்சிட்டேன்."

பளபளப்பு

காஹாங்கிலிருந்து ஒரு வாத்தியார் போன் செய்தார். அவருக்கும் நீலத்திரை. இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வர வேண்டாமே என்று, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டச் சொன்னேன். நாமெல்லாம் பென்சில் அழிக்கிற ரப்பரால்தான் தேய்ப்போம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் கணவனும் மனைவியுமாக வந்து நின்றார்கள். கம்ப்யூட்டர் இப்போது எழவே இல்லையாம். ரேமைப் பார்த்தேன், அப்படி ஒரு மினுமினுப்பு. குத்துவிளக்கு விளக்கிக்கொண்டிருந்த வாத்தியாரம்மா அதையும் கையோடு வாங்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நான் ரேமைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவருக்கே வருத்தமாகிவிட்டது.

"நல்லா பளபளன்னு தான இருக்கு, தம்பி? இதுக்கு மேல எப்படித் தேய்க்கிறது?"

இலவசம்

என் கடையில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. கழற்றிய ரேம்களில் நல்லதை அதில் போடுவேன், கெட்டதைக் குப்பையில் எறிவேன். மாணிக்கத்தின் ரேமைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு ரவுண்டு தேறிவிட்டது. எறிய மனம் வராமல் டின்னில் போட்டேன். கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் கமலா அக்கா, "கெட்டதுன்னு தான தம்பி கழட்டுனீங்க?" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டெல்லா வந்தாள். சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு, குளுவாங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றாள். கைப்பிள்ளைக்காரி, பாவம் என்று டின்னுக்குள் கைவிட்டு, அகப்பட்ட ரேம் ஒன்றைக் கூடுதலாக மாட்டிக் காசு வாங்காமல் அனுப்பினேன். அன்று முழுக்க என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணே. உங்கள மாதிரி இப்ப யாரு இருக்கா?"

மூன்றாவது தடவை

நான்கே நாளில் அவள் திரும்பி வந்தாள். நீலத்திரை. புதிதாக என்ன இன்ஸ்டால் செய்தாய் என்று கேட்டேன். "நான் ஒன்னுமே பண்ணல அண்ணே" என்றாள். எல்லோரும் சொல்வதுதானே என்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மறுபடி வந்தாள். அதே கேள்வி, அதே பதில். என் கடை ஏர்கானில் நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய மெஷின், அவள் வீட்டு மத்தியான வெக்கையில் படுத்துவிடும். பிள்ளை எதையாவது அமுக்கியிருக்கும், பார்த்துக்கொள் என்று புத்திமதி வேறு சொன்னேன். நான் போட்ட ரேம் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்றாம் முறையும் "நான் ஒன்னுமே பண்ணல" என்றுதான் வந்தாள், முகம் வாடியிருந்தது. இன்னொரு தடவை மீட்டிங் நடுவில் நின்றுபோனால், திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டாராம். குளுவாங்கிலிருந்து தினமும் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய்வர முடியாது. எல்லையிலிருக்கும் ஜொகூர் பாருவில் அறை எடுத்து, பிள்ளையை மாமியாரிடம் விட்டு, வாரக் கடைசியில்தான் வந்து பார்க்க முடியும். "இன்னும் பால் குடிக்கிற பிள்ள அண்ணே" என்றாள். அன்று மூன்று மணிக்கு அடுத்த மீட்டிங். மூடியைக் கழற்றிவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன். பிள்ளையை வாங்கி வைத்திருந்த கமலா அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா வேதக்காரப் பொண்ணு. அவ கம்ப்யூட்டர்ல யாரு தம்பி குங்குமம் வச்சது?"

ஏர்கான் இல்லாத மத்தியானம்

டின்னில் கிடந்து மங்கிய பொட்டுதான், ஆனாலும் மாணிக்கம் வைத்த பொட்டு. அந்த ரேமைப் பிடுங்கினேன். உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

அவள் வீட்டு வெக்கை வேண்டுமே என்று ஏர்கானை அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, என் மேசையிலேயே மீட்டிங்கில் உட்கார வைத்தேன். அக்கா பிள்ளையோடு கடைக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் நடந்தார். ஒன்றேகால் மணி நேரம். என் சட்டை தொப்பலாக நனைந்தது, திரை நீலமாகவில்லை. திங்கட்கிழமையும் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். என் கடையில் அந்த மீட்டிங் முடிந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் அதைப் பற்றிக் கேட்டாள்.

"நான் ஒன்னுமே பண்ணலன்னு மூணு தடவையும் சொன்னேன்ல அண்ணே?"

இப்போதெல்லாம் "நான் ஒன்னுமே பண்ணல" என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிறேன், அநேகமாக நான்தான் ஏதாவது பண்ணியிருப்பேன்.