அடக்கத்துக்குப் பிறகு வந்த வரி

வருமான வரி அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வந்தபோது நான் இத்தாவில், கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாத நாட்களில், இருந்தேன். கணவர் மௌத்தாகி மாதம் திரும்பவில்லை. கடிதம் அவருடைய பெயருக்கு வந்திருந்தது. பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அண்ணன், நானாவிடம் கொடுத்தனுப்பினேன்.

எங்கள் ஊரில் அடக்கத்துக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் வீட்டுக்காரர் ஒருவர் எழும்பி, இறந்தவருடைய கடனைப் பொறுப்பேற்பார். அன்றைக்குப் பள்ளிவாசலில் நானா எழும்பி, "என்ட தம்பி ஆருக்காவது கடன் குடுக்க இருந்தா என்னட்ட வாங்க, நான் பொறுப்பு" என்று சொன்னாராம். ஒருவரும் வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் பிறகு வீட்டுக்கு வந்து, தான்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று காசை வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே அந்தக் கடிதத்தை நானா பிந்தி வந்த கடன்காரரைப் போலவே நடத்தினார். புத்தளத்துக்குப் போய், வரியை ஒப்புக்கொள்கிறோம், தவணையில் கட்டுகிறோம் என்று கையெழுத்து வைத்தார். பள்ளிவாசலில் கொடுத்த வாக்குக்கு அவர் கணக்குக் கேட்பதில்லை.

கடிதங்கள் நிற்கவில்லை. எல்லாம் இறந்துபோன என் கணவரையே முன்னால் இருத்திப் பேசின. 'தாங்கள் சமுகமளிக்கத் தவறியுள்ளீர்கள்.' தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழும்பி நிற்பேன். மகள் கடித உறையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாப்பாவ ஏன் கூப்பிர்றாங்க?" என்று கேட்பாள். இறந்த மையித்தின் தலையில் கடன் இருந்தால் ரூஹு, அந்த ஆன்மா, அந்தரத்தில் நிற்கும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பகலில் கண்ணயர்ந்தாலும் அவர் அலுவலக வரிசையில் இலக்கத் துண்டோடு நிற்பது தெரியும். அவருடைய இலக்கத்தை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

இத்தா முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு புத்தளம் வரி அலுவலகத்துக்குப் போனேன். தமிழ் கதைக்கத் தெரிந்த சிங்கள அதிகாரி ஒருவர் கோப்பைப் புரட்டினார்.

"இது மதிப்பீடு, மிஸ். பேங்குக்கு வந்த காசு எல்லாத்தையும் வருமானம் எண்டு எடுத்திருக்கு. பிழையெண்டா நீங்க மேன்முறையீடு செய்யலாந்தானே."

"நாள் போயிட்டே."

"பிந்தினதுக்குக் காரணம் எழுதுங்க. வீட்ட விட்டு வெளிய வர ஏலாதெண்டா அதுவும் காரணந்தான்."

"மச்சான் கையெழுத்து வச்சிட்டாரே." நானாவைத்தான் சொன்னேன்.

"அவர் யார்? இறந்தவரிட சொத்துக்குப் பொறுப்பாளி எண்டு அவருக்குப் பத்திரம் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப அதையும் எழுதுங்க."

வங்கிக்கு வந்த காசு எங்களுடையது அல்ல. யுத்தத்தில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த எங்கள் சனத்தில் பலருக்கு அந்நாளில் வங்கிக் கணக்கு இருக்கவில்லை. கொழும்பு முதலாளி கருவாட்டுக்குப் போடும் காசோலை என் கணவருடைய கணக்குக்கு வரும். இவர் காசாக மாற்றி, தன் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னேரம் அசர் தொழுத பிறகு ஆளாளுக்குக் கொடுப்பார். யாருக்கு எவ்வளவு என்று துண்டு எழுதும் பழக்கம் இல்லை. யுத்தம் முடிந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

மேன்முறையீடு செய்யலாம் என்று நானாவிடம் சொன்னேன்.

"ஜமாஅத்துக்கு முன்னால நான் சொன்ன சொல்லு. இப்ப இல்லையெண்டு எழுதச் சொல்றியா? அவன்ட ரூஹ அந்தரத்தில விட்டிட்டு சட்டம் கதைக்கிற."

அந்தச் சொல் என்னை ஆட்டிவிட்டது. உயர்தரத்தில் வணிகம் படித்த திமிர்தான் என்னை இப்படிப் பேச வைக்கிறதா என்று யோசித்தேன். அவருடைய கடன்தான் என்றால், நான் வாதாடும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வேதனை. ஆனாலும் சொன்னேன்: "நாங்க இதக் கட்டினா, அவர் வருமானத்த மறைச்சவர் எண்டு நாங்களே ஒத்துக்கொள்ளுறம், மச்சான்."

மறுநாள், காசு கைக்கு வந்தது என்று கருவாடு போடுகிறவர்களிடம் கையெழுத்து வாங்க நான் போனபோது, முச்சக்கரவண்டியை நானாவே ஓட்டிவந்தார்.

நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும் கரையில் ஒரு தாத்தா, வயதில் மூத்த பெண், வலையில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தா. விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினா.

"கூலிக்கு மேல என்ட காசில ஒரு சதம் அவர் வச்சதில்ல. ஆனா கையெழுத்து வச்சா அந்தக் கடுதாசி என்ட வீட்டுக்கும் வருமே, மக."

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வந்தாலும் வரும், தாத்தா. ஆனா உங்கட வருமானம் வரி கட்டுற அளவு இல்ல."

"அப்ப வரட்டும். எனக்கு ஒருத்தரும் கடுதாசி போடுறல்ல." சிரித்தா. பிறகு வண்டியில் இருந்த நானாவைப் பார்த்தா. "பள்ளியில நீங்கதானே கேட்டீங்க, ஆருக்கும் கடன் இரிக்கா எண்டு. என்ட மகன் முன் வரிசையில நிண்டான். வாயத் திறந்தானா?"

அன்று பின்னேரம் நானா தன் கையால் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டுவந்தார். ஜமாஅத்துக்கு முன்னால் கடன்காரரைக் கேட்டேன், ஒருவரும் வரவில்லை, அந்தக் காசு உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதுவே என் சாட்சி என்று இருந்தது. பலர் கையெழுத்து வைத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் திறந்திருக்கமாட்டேன்.

மேன்முறையீட்டுக்குத் தீர்ப்பு வர நீண்ட காலம் எடுத்தது. கூலியாக அவர் எடுத்த காசுக்கும், கையெழுத்துக் கிடைக்காதவர்களின் காசுக்கும் மட்டும் வரி விதித்தார்கள். நானா அதைத் தன் கையால் கட்டினார். பற்றுச்சீட்டில் செலுத்தியவர் என்ற இடத்தில் என் கணவருடைய பெயர் இருந்தது. அவரே வரிசையில் நின்று, இலக்கம் கூப்பிடப்பட்டு, கட்டிவிட்டுப் போனதைப்போல.

அடுத்த வெள்ளி ஜும்ஆவில் நானா மறுபடியும் எழும்பி, தம்பியின் கடன் முடிந்தது, இன்னும் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்தவரிடம், "ஆரும் எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஒருத்தரும் கதைக்கல்ல."

அன்று எங்களுக்குக் கதவைத் திறக்காதவர்களும் அங்கே இருந்தார்களா என்று கேட்க நினைத்தேன். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. மகள் வாசல் படலைக்கு ஓடினாள். நானும் எழும்பி நின்றேன். அது நிற்காமல் போய்விட்டது.