உடையாத படகு

கபொம்போ ஆற்றில் எங்கள் துறையில் படகு ஓட்டியவர் கிசேலா. மரத்தைக் குடைந்து செய்த அந்த ஒடுங்கிய படகை அவர் ஒற்றைத் துடுப்பால் திருப்பும் லாவகம் வேறு யாருக்கும் வராது. நீர்யானைக்குக்கூட அஞ்சமாட்டார். அவர் அஞ்சியது கொங்கமாட்டோ ஒன்றுக்குத்தான். சிவந்த தோல் இறக்கையும் வாய் நிறையப் பல்லுமாகச் சதுப்பிலிருந்து பறந்து வருவது அது. எங்கள் பேச்சில் அந்தப் பெயருக்குப் படகை உடைப்பது என்று பொருள். ஆறு ஓட்டம் நின்று மட்டம் மட்டும் ஏறினால், எங்கோ கீழே அது நீரை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்போம்.

அன்று அப்படித்தான் ஏறியது. அது அண்டாமலிருக்க ஆற்றில் தெளிக்கும் வேர் மருந்தும் தீர்ந்திருந்தது.

"இன்னிக்கு யாரும் இறங்கக் கூடாது" என்றார் கிசேலா.

அவருடைய தம்பி மாலிச்சி கேட்கவில்லை. தேன் டின்களைப் படகில் ஏற்றிக்கொண்டே சிரித்தான். "அண்ணே, லாரி அக்கரையில நிக்குது. உன் கொங்கமாட்டோ வந்தா அதுக்கும் ஒரு கை தேன் குடுத்து அனுப்புறேன், போ!"

"பல்லெல்லாம் ஒட்டிக்கப் போகுது, பாத்துக் குடு!" என்று கரையிலிருந்து கத்தினாள் அவன் மனைவி ஜெலிதா. எல்லோரும் சிரித்தோம்.

நடு ஆற்றில், மிதந்து கிடந்த அடிமரம் ஒன்று புரண்டு படகைக் கவிழ்த்தது. மாலிச்சிக்கு நீச்சல் அவ்வளவாக வராது.

"அண்ணே! படகை எடு! கிசேலாண்ணே!"

இன்னொரு படகு இருந்தது. கிசேலா அதை முழங்கால் தண்ணீர்வரை இழுத்தும் விட்டார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். சத்தம் அடங்கிவிட்டது.

மறுநாள் நாணல் புதரில் உடலும் படகும் கிடைத்தன. கொங்கமாட்டோ எடுத்துக்கொண்டது என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். ஜெலிதா அழவில்லை. படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவிப் பார்த்தாள்.

"படகை உடைக்கிறதுன்னுதானே அதுக்குப் பேரு? எங்க உடைஞ்சிருக்கு? காட்டுங்க அத்தான்."

கிசேலா அதன்பின் துடுப்பைத் தொடவில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் அரை நாள் நடந்து பாலம் வழியாகப் போவார். துடுப்பை ஜெலிதா எடுத்துக்கொண்டாள். முதலில் படகு அவளை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அலைக்கழித்தது. நாங்கள் கேலி செய்தோம். பிறகு அவள் படகில்தான் போனோம், வந்தோம். மரவள்ளிக் களியும் கருவாடும் அவளிடமிருந்து மாலைதோறும் கிசேலாவின் குடிசைக்குப் போகும். பேச்சு மட்டும் போகாது.

போன மழைக்காலத்தில் அவர் தாமாகத் துறைக்கு வந்தார். மிகவும் மெலிந்திருந்தார். படகருகே உட்கார்ந்து சொன்னார்: "அவன் என் பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிட்டான்."

படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஜெலிதா கையை நிறுத்தினாள்.

"எனக்கும் கேட்டுச்சு அத்தான். உங்க பக்கத்துலதான் நின்னேன். அப்ப எனக்குப் படகு தள்ளத் தெரியல. உங்களைப் பிடிச்சாவது தள்ளியிருக்கலாம். அதுவும் தோணல."

இருவரும் ஆற்றைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கரையில் யாரோ படகுக்குக் குரல் கொடுத்தார்கள். இரண்டாவது குரலுக்குத்தான் அவள் எழுந்தாள்.