பாலத்துக்குக் கை தூக்காதவள்

வாய் திறக்காதவள் என்ற பெயர்தான் இத்தோவை ஊராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோனது. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் யாரையாவது நிறுத்தியாக வேண்டும். தலைவர் ஹாஜி மீமூன் மன்றக் காவலாளி பாஸ்ஸுவைக் கூப்பிட்டார்.

"ஒன் பொண்டாட்டி பேரக் குடுடா. சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போகட்டும்."

இத்தோ அப்படியே உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஆண்கள் கை தூக்கினால் தானும் தூக்குவாள். ஒரே ஒரு தடவை மனசாரத் தூக்கினாள், ஆற்றுக்குப் பாலம் கட்டும் தீர்மானத்துக்கு. அவள் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மலையில் பனி உருகி வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லாத கரை அது.

வேலை ஹாஜியின் மருமகனுக்குப் போனது. இரண்டு தூண் எழும்பியதும் இயந்திரங்கள் கிளம்பிவிட்டன. கேட்டவர்களிடம், "சிமெண்ட் வரல" என்றார்கள். அதே வருஷம் நகரத்தில் ஹாஜியின் வீட்டுக்கு இன்னொரு மாடி ஏறியது.

வெள்ளக் காலத்தில் இத்தோவின் தங்கை யம்னாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. கோவேறு கழுதையில் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு விடவில்லை. நீர் வடியட்டும் என்று கரையிலேயே கம்பளி விரித்துக் கிடத்தினார்கள். குழந்தை பிறந்தது, யம்னா பிழைக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இத்தோ வீடு திரும்பினாள். ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தாள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் ஹாஜி சொன்னார்: "பாலம் வேலை முடிஞ்சுது. காண்ட்ராக்டருக்குப் பாக்கியக் குடுத்துடலாம். ஒத்துக்கிறவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. இத்தோவின் கை மட்டும் மடியில் கிடந்தது.

"என்னம்மா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றார் ஹாஜி.

சிரித்தார்கள். இத்தோ எழுந்தாள்.

"முடிஞ்ச பாலத்துல எல்லாரும் ஒருதடவ நடந்துட்டு வரலாம் ஹாஜி. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன்."

ஹாஜி கையை அசைத்தார்.

"ஒக்காரும்மா. துக்கத்துல என்னமோ பேசுற."

"துக்கந்தான். எந்தங்கச்சி அந்தத் தூணப் பாத்துக்கிட்டேதான் செத்தா."

தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே பாஸ்ஸுவின் வேலை போயிற்று.

"ஒரு கை! அதத் தூக்கிட்டு வந்திருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்று கத்தினான்.

"தூக்கத்தான் பாத்தேன் பாஸ்ஸு. வரல."

அவன் கட்டட வேலை தேடிக் காஸாபிளாங்காவுக்குப் பஸ் ஏறினான். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இத்தோ அந்தக் கரைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆளுநர் அலுவலகத்துக்குப் போனாள். வாசலிலேயே விரட்டினார்கள். மறுபடி போனாள். குழந்தை அழும், அங்கேயே ஆட்டுப்பால் புகட்டுவாள். கடைசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து ஆற்றங்கரையில் இறங்கினார். இரண்டு தூண்களையும் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்க?" என்று ஹாஜியிடம் கேட்டார். ஹாஜி, வெயில் தாங்கவில்லை என்று பேச்சை மாற்றினார்.

ஹாஜியின் பதவி போனது. மருமகன் கொஞ்ச காலம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். போன பணம் போனதுதான். விசாரணை முடியும்வரை பால வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வருஷங்கள் போயும் அது முடியவில்லை. சந்தையில் சிலர் அவள் காதுபடவே, "இவ வாய வெச்சா, பாலமும் நின்னுபோச்சு" என்பார்கள். அடுத்த தேர்தலில் அவள் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் வரவுமில்லை.

பாஸ்ஸு திரும்பி வந்துவிட்டான். கை தூக்காத பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. யம்னாவின் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்ததும், ஆடுகளில் பாதியை விற்று, பள்ளிக்கூடம் இருக்கிற இந்தக் கரையில் ஓர் அறை எடுத்தாள் இத்தோ. வெள்ள மாதங்களில் அவளும் சிறுமியும் அங்கே தங்குகிறார்கள். பாஸ்ஸு அக்கரையில் தனியே சமைத்துக்கொள்கிறான்.