எனக்கு மட்டும் கருவாடு கிடையாதாம்

போன வாரம் தலை சுற்றி விழப்போனேன். பிரஷர் என்றார் டாக்டர். உப்பைக் குறைத்து, காய்கறி, பழம் நிறையச் சாப்பிடச் சொன்னார்.

காய்கறிக்கு எங்கே போவது? கடல் சரியில்லை, மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு நாலு நாளாகக் கப்பலே வரவில்லை. பத்துபஸ்தி கடையில் இன்று வெங்காயமும் வாடிய முட்டைக்கோஸும்தான் இருந்தன.

கருவாடு மட்டும் கூடை நிறைய இருந்தது. நூறு கிராம் கேட்டேன்.

வங்காளிக் கடைக்காரர் தராசைத் தொடவே இல்லை. "ஆப்கோ நஹி மிலேகா, உங்களுக்குக் கிடையாது அங்கிள். உங்க பேட்டி போன் பண்ணிச்சு. கருவாடு, ஊறுகா, அப்பளம், எல்லாம் உங்களுக்கு பந்த்."

பெற்ற மகள் ஊரிலுள்ள கடைக்கெல்லாம் போன் போட்டு அப்பனுக்குத் தடை போடுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கில்லப்பா, வீட்டுப் பூனைக்கு" என்றேன்.

"அப்போ பூனைய வரச் சொல்லுங்க."

கடையே சிரித்தது. சிப்பிகாட்டிலிருந்து வந்த முருங்கைக்கீரையை என் பையில் திணித்தார். அதையும் மகள்தான் எடுத்துவைக்கச் சொன்னாளாம்.

மதியம் உப்பில்லாத கீரை. "எப்படிப்பா இருக்கு?" என்று மகள் என் முகத்தையே பார்த்தாள். அன்று நான் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவள். அந்தப் பயம் இன்னும் கண்ணில் இருந்தது.

"பிரமாதம்மா" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. குட்வில் எஸ்டேட் பக்கம் என் மகளைத் தெரியாத கடை இருந்தால் சொல்லுங்கள். கமெண்டில் மட்டும் வேண்டாம், அவளும் படிப்பாள்.