மழை என்று சொல்ல வராத மந்திரவாதி

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், புனேயின் வாகட் பகுதியில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் தங்கியிருந்த வீட்டில் நான் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். வீரர்களையும் வில்லன்களையும் ஒருசேரக் கேலி செய்யும் மாயாஜாலக் கதை. கதாநாயகன் போருக்குப் போகும் முன்பே பரணி பாட ஆள் அமர்த்துகிறவன். வாளை உருவினால் தும்முவான். வில்லனான அரக்கர்கோனுக்குத் தீராத நெஞ்செரிச்சல். மோர்சாதம் சாப்பிட்டபடியே உலகை அழிக்கத் திட்டம் போடுவான். வாரம் ஓர் அத்தியாயம் எழுதி, அலுவலகத்தில் இருந்த ஏழெட்டுத் தமிழர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன்.

நான்காவது வாரம் யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அரக்கர்கோனுக்கு ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்தேன்.

அவன் என் பக்கத்து இருக்கைக்காரன் என்பது படித்த எல்லோருக்கும் உடனே தெரிந்தது. புனேயிலேயே பிறந்தவன், அப்பா இல்லை, விஷ்ராந்த்வாடியில் அம்மாவோடு இருந்தான். தமிழ் படிக்கத் தெரியாது, பேசினால் ழகரம் வராது. என் மந்திரவாதி "மழையே வா" என்று கூப்பிட நினைத்து "மலையே வா" என்பான். வானத்திலிருந்து ஒரு மலை வந்து அவன் படை மீதே விழும். நசுங்கிக் கிடக்கும் பிணங்களை மிதித்துக்கொண்டு அவன் தாய் சாப்பாட்டு டப்பாவோடு வந்து மகனுக்கு ஊட்டுவாள்.

அந்த அம்மா எனக்கும் சேர்த்துத்தான் டப்பா கொடுத்தனுப்புவார். அவருடைய வத்தக்குழம்பைச் சாப்பிட்ட அன்றுதான் அதை எழுதினேன்.

"எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிறாங்க. என்ன ஆச்சு, க்யா ஹுவா யார்?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"கதையில நீதான்டா ஹீரோ."

அவனுக்கு ஒரே சந்தோஷம். அத்தியாயங்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். திங்கட்கிழமை வந்து, "அம்மா படிச்சு சொன்னாங்க. நான் மலையை ஒரு கையில தூக்கி ஊரை காப்பாத்தற சீன், ஏக்தம் மஸ்த், சூப்பர்!" என்றான்.

நான் அப்படி எழுதவே இல்லை. அவர் மகனுக்காகக் கதையை மாற்றிச் சொல்கிறார் என்று புரிந்தது. அதிலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மத்தியானமே மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனைச் சுற்றி நின்று, "இந்த வாரம் என்னடா பண்ணினே?" என்று கேட்பது எங்களுக்கு நாவலைவிடப் பெரிய வேடிக்கையானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மகன் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும், "தம்பி, அவனுக்கு நான் வாசிக்கது நானா கட்டுன கதை. இனிமே எனக்குக் கட்டத் தெரியல. இன்னைக்கு நீங்களே வாசிங்க" என்றார் திருநெல்வேலித் தமிழில். குரலில் கோபம் இல்லை. அந்த வாரத்து அத்தியாயத் தாள்களை என் கையில் கொடுத்தார்.

அவன் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நானும் மாற்றிச் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று வரிக்குமேல் ஓடவில்லை.

"நீ எழுதினதுதானே? அம்மா எவ்வளவு நல்லா படிப்பாங்க. உனக்கு வரல" என்றான்.

வெறும் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. கையிலிருந்ததை எழுதியிருந்தபடியே, அலுவலகத்தில் அவன் இல்லாத நேரத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அந்த அத்தியாயத்திலும் மலை விழுந்தபோது அவன் சிரித்தான். டப்பாவோடு தாய் வந்தபோது சிரிப்பு நின்றது.

"இது நானா?" என்றான். பிறகு மெதுவாக, "மலை" என்று சொல்லிப் பார்த்தான். "மளை." நாக்கை மடித்து இன்னொரு தடவை முயன்றான்.

"போதும்ல, சாப்பிடு" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பாமலே, "நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி."

சாப்பிட்டேன். ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் மந்திரவாதியைக் கொன்றேன். மன்னிப்புக் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. எழுதிய அத்தியாயங்களிலேயே அதற்குத்தான் அதிகப் பாராட்டு வந்தது.

அதற்குப் பின்னும் இரண்டு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். என்னோடு இந்தியில் மட்டும் பேசினான், அதுவும் வேலை விஷயம் மட்டும். மத்தியானம் அம்மாவின் தொலைபேசி வரும். அவர் தமிழில் பேசுவது எனக்கு லேசாகக் கேட்கும். அவன் இந்தியிலேயே பதில் சொல்வான்.