குலுங்காத உருண்டை

ஹனோயில் அந்தச் சந்துக்குள் நுழைகிறவர்கள் லுவாவின் வாணலியைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அவள் வாயையும் தாண்டித்தான். பசையரிசி மாவைத் தட்டி, பாசிப்பருப்புப் பூரணத்தை உள்ளே வைத்து உருட்டி, எள்ளில் புரட்டி எண்ணெயில் விடுவாள். பான்ரான் என்கிற இந்த எள்ளுருண்டையை அந்த ஊரில் வாங்கியதும் வாயில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பூரணம் கழன்று லொடலொடவென்று உருண்டால் பக்குவம். சத்தம் வராவிட்டால், எவளோ அவசரக்காரி தீயைக் கூட்டிவிட்டாள், பூரணம் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

லுவா சுட்டது குலுங்காமல் போனதே இல்லை. சின்னத் தீயில் ஓயாமல் புரட்டிக்கொண்டே இருப்பாள்; தலைபோகிற காரியமானாலும் பாதியில் எழுந்திருக்க மாட்டாள். அதனால் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை ஒரு போலீஸ்காரர் ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி, அவர் காதிலேயே வைத்து ஆட்டிக் காட்டினாள். பாவம், மனுஷர் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சோதனை வந்தது. மகள் லியென், குவாங் என்ற பையனை விரும்பினாள். பையன் தங்கம். அவன் அம்மா துயெனுக்குத்தான் காது மந்தம். முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டாள். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. மூத்த மருமகள் ஆசையாகக் காதுக் கருவி வாங்கிவந்து கொடுத்தாள். அன்றைக்கே பிறந்த வீட்டுக்குத் துரத்தப்பட்டவளால், தெத் புத்தாண்டுப் பண்டிகைக்குத்தான் திரும்ப முடிந்தது.

அந்த துயென் பெண் பார்க்க வரப்போகிறாள், அதுவும் நேராகக் கடைக்கே. லியென் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவங்க என்ன சொன்னாலும் நீ பொறுத்துக்கணும். காதப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சுன்னா என் கல்யாணம் அவ்வளவுதான்."

துயென் மகனோடு வந்தாள். குட்டி நாற்காலியில் அமர்ந்து, சூடாக ஒரு உருண்டையை எடுத்து இந்தக் காதில் ஆட்டினாள், அந்தக் காதில் ஆட்டினாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். எதிரே ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட லொடலொடச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, நீ பெரிய கைகாரின்னு என் பையன் சொன்னான். ஒண்ணுகூடக் குலுங்கலியே. தீயக் கூட்டிட்டியோ?"

லுவாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நறுக்கென்று நாலு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. குவாங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லியெனின் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் லுவா அந்த நாலு வார்த்தையையும் விழுங்கினாள்.

"ஆமாக்கா, தீயக் கூட்டிட்டேன்" என்றாள் மெதுவாக.

"என்னது?"

அங்கேதான் வந்தது வினை. இந்தப் பொய்யை மெல்லச் சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. லுவா கண்ணை மூடிக்கொண்டு, சந்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்: "தீயக் கூட்டிட்டேன்க்கா! குலுங்கல! என் தப்புதான்!"

துயெனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தப்பை ஒத்துக்கொள்கிற அம்மா வளர்த்த பெண் சண்டைக்காரியாக இருக்க மாட்டாள் என்று அங்கேயே நாள் குறிக்கச் சொன்னாள். அன்று ராத்திரி லுவாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு லுவாதான் பான்ரான் சுட்டாள். துயென் மேசை மேசையாகப் போய், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் விருந்தாளிகளிடம் சொன்னாள்: "சம்பந்தி சுட்டது. குலுங்காது. ஆனா தங்கமான மனுஷி." விருந்தாளிகள் ஒவ்வொருவராக ஆட்டிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மரியாதையாக மென்றார்கள். லுவா எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

கல்யாணக் கோலத்தில் லியென் வந்து அம்மாவிடம் குனிந்தாள். தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து அவள் காதோரம் ஆட்டினாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்காம என்னடி? எனக்கென்ன காது செவிடா?" என்றாள் லுவா. சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை.